ஜோன் பார்ன்ஸ் பாடிய பாட்டும் கணக்கில் சேராத கோலும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். உதைபந்தாட்டம் பற்றியது என்பதால் நம்ம ஊரில் பாதிப் பேராவது கடைசி வரை வருவீர்கள் என்று நினைக்கிறேன்.

உலகக் கிண்ணம் வந்துவிட்டால் நம்ம பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மதில், மரம், முச்சக்கரவண்டி எல்லாவற்றிலும் பிரேசில் கொடி, ஆர்ஜன்டீனா கொடி. கூடவே பாட்டு. 2010இல் ஷகீராவின் 'வக்கா வக்கா'வும், சோமாலியாவில் பிறந்த கெனான் என்ற நம் முஸ்லிம் சகோதரரின் 'வேவிங் ஃப்ளேக்'கும் காதில் விழாத நாளே இல்லை. இவை போட்டிக்கான பாட்டுகள், எந்த நாட்டுக்காரனும் பாடலாம். ஒரு நாட்டின் அணிக்கென்றே, அந்த வீரர்களையும் சேர்த்துப் பாட வைத்து இசைத்தட்டு வெளியிடுவது வேறு வழக்கம். இந்த வழக்கத்தைப் பெரிதாக வளர்த்தவர்கள் ஆங்கிலேயர். அவர்களுடைய பாட்டுகளில் ஒன்றின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பாட்டு கூடுமா கூடாதா என்று கீழே ஒரு விவாதம் தொடங்கும் என்று தெரியும். அதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். நான் வரலாறு படிப்பிக்கிறவன். வரலாற்றுக்குள் பாட்டும் வருகிறது.

1966இல் இங்கிலாந்தில் உலகக் கிண்ணம் நடந்தபோது வில்லி என்ற சிங்கம் போட்டியின் சின்னம். அந்தச் சிங்கத்தின் பேரில் ஒரு பாட்டு வந்தது. பாடியவர் லொனி டொனிகன், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1970இல் மெக்சிக்கோவுக்குப் போன இங்கிலாந்து அணி முழுவதும் சேர்ந்து 'பெக் ஹோம்' என்று ஒரு பாட்டைப் பாடியது. விற்பனைப் பட்டியலில் முதலிடம். அதை எழுதிய இருவரில் பில் மார்ட்டின் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், ஃபில் கூல்டர் வட அயர்லாந்தின் டெரியைச் சேர்ந்தவர். ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் உதைபந்தாட்டத்தில் எவ்வளவு பகை என்று தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள வேடிக்கை விளங்கும். இங்கிலாந்தின் வெற்றிக்கான பாட்டுகளை ஆரம்பத்திலிருந்தே பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு இந்த வழக்கம் சலித்துப் போனது. கோட் சூட் போட்ட பதினைந்து இருபது விளையாட்டு வீரர்கள் வரிசையில் நின்று சுதி சேராமல் பாடுவதை எத்தனை தரம்தான் கேட்பது? 1982இல் வந்தது இரண்டாம் இடம் வரை போனது. 1986இல் வந்தது 66ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

அதை விடப் பெரிய பிரச்சினை மைதானத்தில் இருந்தது. 1985 மே 29ஆம் திகதி, பெல்ஜியத்தின் ஹெய்சல் அரங்கில், லிவர்பூல் ரசிகர்கள் எதிர்த்தரப்பை நோக்கிப் பாய்ந்ததில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். இத்தாலியின் யுவென்டஸ் அணியைப் பார்க்க வந்தவர்கள்தான் அதில் பெரும்பாலானோர். ஆங்கிலக் கழகங்கள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து தடை செய்யப்பட்டன. 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினார்கள், இறந்தோர் தொகை கடைசியில் 97. ஹில்ஸ்பரோவில் ரசிகர்கள் மேல் குற்றமில்லை, பொலிஸாரின் தவறுதான் காரணம் என்று விசாரணைகள் பின்னர் தெளிவாகச் சொல்லின. ஆனால் அந்த நாளில் எல்லாப் பழியும் ரசிகன் தலையில்தான் விழுந்தது. இங்கிலாந்து ரசிகன் என்றால் காடையன் என்பதுதான் உலகம் முழுக்கப் பெயர். 1990 இத்தாலி உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தின் முதற்சுற்று ஆட்டங்களை சார்டீனியாத் தீவின் காலியாரி நகரத்தில் வைத்தார்கள். காடையர்களைத் தீவில் வைத்தால் கட்டுப்படுத்தலாம் என்ற கணக்குத்தான்.

இந்த நிலைமையில்தான் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் புதுப் பாட்டுக்கு ஆள் தேடியது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் யாரும் எதிர்பாராத ஒன்று: மன்செஸ்டரின் நியூ ஓர்டர் என்ற குழு. இவர்கள் அணிவகுப்புப் பாட்டுக் கூட்டம் இல்லை. ஜோய் டிவிஷன் என்ற பெயரில் இருண்ட, சோகமான இசை செய்தவர்கள். 1980இல் பாடகர் இயன் கேட்டிஸ் தற்கொலை செய்துகொண்ட பின், மீதிப் பேர் வேறு பெயரில் தொடர்ந்து, மின்னணு இசையோடு நடன இசையைக் கலந்தவர்கள். 1983இல் வந்த 'புளூ மண்டே' அவர்களுடையதுதான். அந்தக் காலத்தில் மன்செஸ்டர் இரவு விடுதிகளில் எக்ஸ்டஸி என்ற போதைக் குளிசை பரவியிருந்தது. நம்ம ஊரில் இன்று 'ஐஸ்' என்றால் பனிக்கட்டி என்று யாரும் நினைப்பதில்லை அல்லவா, அது மாதிரி அங்கே 'ஈ' என்ற ஓர் எழுத்தே போதும், எல்லோருக்கும் விளங்கும். பாட்டை எழுதச் சேர்ந்த நகைச்சுவை நடிகர் கீத் அலன், அந்த எழுத்தை வைத்து இங்கிலாந்தின் பெயரைச் சொல்லும் ஒரு பல்லவியைக் கொண்டுவந்தார். சங்கத்துக்காரர்கள் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான் என்பேன்.

கடைசியில் வந்த பாட்டின் பெயர் 'வேர்ல்ட் இன் மோஷன்'. வெளியானது 1990 மே 21. தொடக்கத்தில், 1966 இறுதி ஆட்டத்தை வர்ணித்த கென்னத் வுல்ஸ்டன்ஹோமின் குரல். அவரையே கூப்பிட்டுத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். அதற்குப் பிறகு எதிரியை நொறுக்குவோம், கிண்ணத்தைத் தூக்குவோம் என்ற பேச்சே பெரிதாக இல்லை. அன்பு பற்றிப் பாடுகிறார்கள். காடையர்த்தனம் எங்களுடையதல்ல என்று மறுக்கும் இடமும் உண்டு.

பதிவுக்கு அணியிலிருந்து வந்தவர்கள் ஆறு பேர்: பீட்டர் பியர்ட்ஸ்லி, போல் கஸ்கொய்ன், ஸ்டீவ் மக்மான், கிறிஸ் வொடில், டெஸ் வோக்கர், ஜோன் பார்ன்ஸ். இதில் பியர்ட்ஸ்லி, மக்மான், பார்ன்ஸ் மூவரும் அப்போது லிவர்பூல் வீரர்கள். ஹில்ஸ்பரோ மைதானத்தில் நின்றவர்கள். இறந்த ரசிகர்களின் ஜனாஸாக்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போய் வந்தவர்களில் பார்ன்ஸும் ஒருவர். அதற்குப் பிறகு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

பாட்டின் நடுவில் ஒரு ரெப் பகுதி. யார் சொல்வது என்று வீரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். தாளம் தவறாமல் வந்தது பார்ன்ஸுக்குத்தான். 1988இல் லிவர்பூல் அணி வெளியிட்ட 'அன்ஃபீல்ட் ரெப்'பிலும் அவர் இருந்தார், அந்தப் பழக்கமும் உதவியிருக்கும். பந்தை எப்போது வைத்திருக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று ஒரு பயிற்றுநர் சொல்லிக் கொடுப்பது மாதிரியான சில வரிகள். அரை நிமிடமும் வராது. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் இங்கிலாந்தில் எந்தக் கூட்டத்திலும் அந்த வரிகளை மனப்பாடமாகச் சொல்கிறவன் ஒருவன் இருப்பான்.

எனக்கு இந்தப் பாட்டைக் காட்டியது கல்வியியற் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர். ஆங்கிலம் கேட்டல் பயிற்சிக்கு அந்த ரெப் பகுதியைப் போட்டார். வகுப்பில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "யார் இதைச் சொல்கிறவர் என்று தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். தேடிப் பார்த்த பிறகுதான் எனக்குப் பாட்டு விளங்கியது.

ஜோன் பார்ன்ஸ் பிறந்தது 1963இல், ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில். தகப்பன் ஜமெய்க்கா இராணுவ அதிகாரி. தூதரகத்தில் பதவி கிடைத்து அவர் லண்டனுக்கு வந்தபோது மகனுக்குப் பன்னிரண்டு வயது. அப்படி வந்த கறுப்புப் பொடியன், 1984 ஜூன் 10ஆம் திகதி, இருபது வயதில், ரியோவின் மரக்கானா அரங்கில் பிரேசிலுக்கு எதிராக ஒரு கோல் போட்டான். இடது ஓரத்தில் பந்தை நெஞ்சில் வாங்கி, உள்ளே வெட்டி, பின்கள வீரர்களை ஒவ்வொருவராகக் கடந்து, கடைசியில் கோல் காப்பாளரையும் சுற்றிப் போட்ட கோல். காணொளி இணையத்தில் இருக்கிறது, இன்று இரவே பாருங்கள். பிரேசிலுக்கு அவர்கள் மண்ணிலேயே பிரேசில் ஆட்டத்தைக் காட்டின கோல் அது. ஆட்டம் 2-0. மற்றக் கோல் மார்க் ஹேட்லியுடையது.

அந்தச் சுற்றுப்பயணத்தில் வீரர்கள் போன விமானத்தில் நெஷனல் ஃப்ரொன்ட் என்ற இனவாதக் கட்சியின் ஆட்கள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கு: இங்கிலாந்து வென்றது 2-0 அல்ல, 1-0. கறுப்பன் போட்ட கோல் கணக்கில் சேராது.

இதை வாசித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். (எதனால் என்று கீழே வருகிறது.)

1987இல் அவர் லிவர்பூலுக்குப் போனார். 1988இல் எவர்ட்டன் மைதானத்தில் ஒருவன் அவர் காலடிக்கு வாழைப்பழம் எறிந்தான். பார்ன்ஸ் அதைப் பின்னங்காலால் தட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அதே வருடம் நாட்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். இப்படிப்பட்ட ஒருவருடைய குரல்தான் 1990இல் இங்கிலாந்தின் பாட்டுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. சங்கம் இதைத் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. யாருக்குத் தாளம் வருகிறது என்று பார்த்தார்கள், அவருக்கு வந்தது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஜூன் மாதத்தில் பாட்டு இரண்டு கிழமை முதலிடத்தில் இருந்தது. நியூ ஓர்டருக்குப் பிரித்தானியாவில் கிடைத்த ஒரே முதலிடம். அணியும் அரையிறுதி வரை போனது. காலிறுதியில் கமரூனை 3-2 என்று தட்டுத்தடுமாறித்தான் வென்றார்கள். அதில் கமரூன் 2-1 என்று முன்னுக்கு நின்ற நேரம் ஆபிரிக்கா முழுவதும் எழுந்து நின்றிருக்கும். ஜூலை 4, டியூரின், மேற்கு ஜெர்மனி. 1-1, பிறகு பெனால்டியில் தோல்வி. கஸ்கொய்ன் அழுத காட்சியும் அன்றுதான். பார்ன்ஸ் அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை, அந்த உலகக் கிண்ணத்தில் ஒரு கோலும் போடவில்லை. உலகக் கிண்ணத்தை மைதானத்தில் தவறவிட்டவர் பாட்டில் நிலைத்துவிட்டார்.

ஆனால் ஒரு பாட்டு ஒரு நாட்டைத் திருத்திவிடும் என்று நினைக்க வேண்டாம். 1993 பெப்ரவரியில் வெம்ப்ளி அரங்கில் சன் மரீனோவுக்கு எதிரான ஆட்டம். இங்கிலாந்து 6-0 என்று வென்ற ஆட்டம். அதிலும் பார்ன்ஸ் பந்தைத் தொடும்போதெல்லாம் சொந்த ரசிகர்களே 'பூ' என்று கூவினார்கள். அதே வாய்களில் எத்தனை, மூன்று வருடத்துக்கு முன் அவருடைய ரெப்பைப் பாடியிருக்கும்! 79 ஆட்டங்கள் இங்கிலாந்துக்காக ஆடிய மனிதர்.

இனி நம்ம கரைக்கு வருவோம்.

நான் பிறந்ததும் 1990இல்தான். அந்த வருடம் ஜூலையில் இத்தாலியில் கஸ்கொய்ன் அழுதான். ஒக்டோபர் கடைசியில் நம்ம கரையில் இறங்கியவர்களின் அழுகையை உங்களில் பலர் கண்ணால் கண்டவர்கள். வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் கடல் வழியாக வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். மொத்தம் 75,000 பேர் அளவில், அதில் பெரும்பங்கு நம்ம மாவட்டத்துக்கு. பள்ளிவாசல்களைத் திறந்தோம், பாடசாலைகளைத் திறந்தோம், வீட்டில் இருந்த அரிசியைப் பகிர்ந்தோம். இதை நம்ம ஊர் செய்தது, பெருமையாகவே சொல்வோம். தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. அவை பிறகு கல்வீடுகளாகி, கிராமங்களாகிவிட்டன.

வந்தவர்கள் நகை, காணி உறுதி, கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். ஆனால் மன்னாரும் யாழ்ப்பாணமும் உதைபந்தாட்ட ஊர்கள், அந்த ஆட்டம் கூடவே வந்தது. முகாம் மணலில் வெறுங்காலோடு விளையாடியவர்கள் கொஞ்ச வருடத்தில் அணி அமைத்தார்கள். சுற்றுப்போட்டிகளுக்கு வந்தார்கள். கிண்ணமும் கொண்டுபோனார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சுற்றுப்போட்டியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம பக்கத்து அணிக்கு ஆடிய ஒரு பொடியன் தூரத்திலிருந்து ஒரு கோல் போட்டான், வலை கிழியாதது அதிசயம். எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார்: "அது அகதிப் பொடியன்டா. ஊர்ப் பொடியன் இன்னும் ஒன்றும் அடிக்கல்ல."

அந்தப் பொடியன் என் மாணவன். பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். வாப்பாவும் உம்மாவும் வளர்ந்தது இங்கே, படித்தது இங்கே. மன்னாரைப் பார்த்தது பெருநாள் விடுமுறையில் மூன்று நாலு தரம். அவனுடைய மூத்தாப்பா வள்ளத்திலிருந்து இறங்கிய ஒரு நாளுக்காக அவனுக்கு இன்னும் அந்தப் பெயர். இப்போது விளங்குகிறதா, அந்த விமானத்துக் கதையை வாசித்தபோது நான் ஏன் புத்தகத்தை மூடினேன் என்று?

இது ஒரு பக்கக் கதை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தண்ணீர், காணி, பாடசாலை அனுமதி, வேலை, எல்லாம் ஏற்கெனவே போதாமல் இருந்த ஊர் இது. திடீரென்று இத்தனை ஆயிரம் பேர் வந்து பங்கு கேட்டால் முகம் சுழிப்பவன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிலரும் முப்பது வருடத்துக்குப் பிறகும் "இது எங்கட ஊரில்லை" என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பிள்ளை எங்கே போவான்? மன்னாருக்குப் போனால் "புத்தளத்தான்" என்கிறார்கள்.

'வெளியிலிருந்து வந்தவன்' என்ற கதையை இன்னும் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோனால் சிறாம்பியடிக்குத்தான் போய் நிற்க வேண்டும். நம்ம டவுனுக்குக் கிட்ட இருக்கிற அந்தச் சின்ன ஊரை எல்லோருக்கும் தெரியும், வரலாறுதான் பலருக்குத் தெரியாது. போர்த்துக்கேயர் காலத்திலும் பின்னரும் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஆங்கிலேயர் தங்கள் ஆபிரிக்கப் படைப்பிரிவைக் கலைத்தபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். காப்பிரி என்று நாம் சொல்லும் சொல் அரபியிலிருந்து வந்தது. முஸ்லிமல்லாத ஆபிரிக்கரை அரபு வணிகர் சொன்ன சொல்லைப் போர்த்துக்கேயர் எடுத்துக்கொண்டு இங்கே இறக்கினார்கள். அந்த மக்கள் இன்றும் பாடும் மஞ்சா பாட்டுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் சொற்கள் இருக்கின்றன.

கஃப்ரிஞ்ஞா என்ற பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். பைலா என்ற சொல் போர்த்துக்கேய மொழியில் ஆடுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. 1940களில் வொலி பஸ்தியன்ஸ் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் சிங்களத்தில் பைலாவை நாடு முழுக்கப் பரப்பினார். பிறகு சிலோன் மனோகர் 'சுராங்கனி'யோடு அதைத் தமிழ்ப் பொப்பிசையாகத் தமிழ்நாடு வரை கொண்டுபோனார். இன்று கிரிக்கெட் அரங்கில் பப்பரே வாத்தியக் குழு ஊதத் தொடங்கினால் சிங்களவன், தமிழன், முஸ்லிம் எல்லோரும் சேர்ந்து துள்ளுவது இந்தத் தாளத்துக்குத்தான். இலங்கை அணியை உற்சாகப்படுத்தும் இசையில் கறுப்புச் சிப்பாயின் தாளம் இருக்கிறது. அந்தச் சிப்பாயின் பேரப்பிள்ளைகள் நம்ம பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அங்கே ஒரு தரமாவது போயிருக்கிறோம்?

கிரிக்கெட் என்று சொன்னேன். உதைபந்தாட்டத்துக்கு? தரம் பத்து வகுப்பில் கேட்டுப் பார்த்தேன்: இலங்கை உதைபந்தாட்ட அணிக்கு ஒரு பாட்டுச் சொல்லுங்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்த அணி அது, 2006இல் ஆசிய சவால் கிண்ண இறுதி வரை போன அணி அது என்று சொன்னபோது பொய் சொல்கிறேன் என்பது மாதிரிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் 2023 ஜனவரியில் ஃபீஃபா நம்மைத் தடை செய்து ஓகஸ்டில் தடையை நீக்கியது மட்டும்தான். இப்போது ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த இலங்கை வம்சாவளிப் பொடியன்மாரும் தேசிய அணிக்கு வருகிறார்கள். அவர்கள் கோல் போட்டால் "இவன் நம்ம ஆளா?" என்ற கேள்வி பேஸ்புக்கில் உடனே வந்துவிடுகிறது. மரக்கானாவில் பார்ன்ஸ் எட்டு வருடம் மட்டுமே இங்கிலாந்தில் இருந்தவர் என்று ஒருவருக்குப் பதில் எழுதினேன். அவர் என்னை புளொக் பண்ணிவிட்டார்.

வகுப்பில் அதோடு விடவில்லை. நம்ம அணிக்கு நீங்களே நாலு வரி எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். பாதி பைலா மெட்டில், மீதி ரெப். ரெப் எழுதியவர்களில் அந்தக் கோல் போட்ட பொடியனும் ஒருவன். பந்தில் இருக்கிற அளவுக்கு எழுத்துப்பிழையிலும் வேகம் இருந்தது, ஆனால் தாளம் தவறவில்லை. அடுத்த விளையாட்டுப் போட்டிக்கு அதைத்தான் சொல்லப் போகிறான்.

கடைசியாக ஓர் உதவி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம்ம மைதானங்களில் அணிகளுக்காகப் பாடிய பாட்டுகள், போட்ட கோஷங்கள், றபான் அடித்துக் கூவிய வரிகள் நினைவிருக்கிற நானாமார், காக்காமார் எழுதி அனுப்புங்கள். ஊர் அணியோ முகாம் அணியோ, இரண்டையும் சேகரிக்கிறேன். எழுதக் கஷ்டம் என்றால் குரல் பதிவாக அனுப்பினாலும் போதும், பிள்ளைகளைக் கொண்டு நான் எழுத்தாக்கிக் கொள்கிறேன்.